விட்டுப்போன மணல்: தசாவதாரம் பற்றி மறுபடியும் ஒரு குறிப்பு

2008 ஜூனில் ‘தசாவதாரம்’ வந்த கையோடு நான் ஒரு விமர்சனம் எழுதினேன். அப்போது எனக்கு வலைப்பூ கிடையாது. நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பின்னால்தான் இங்கே ஏற்றினேன். பழைய வாசகர்கள் சிலர் படித்திருப்பீர்கள். அதில் கடைசிக் காட்சியின் சுனாமியைப் பற்றி ரெண்டு பத்தி புகழ்ந்திருந்தேன். தமிழ் சினிமாவில் கிராபிக்ஸ் இந்த அளவுக்கு வந்துவிட்டது, கதையின் எல்லா இழைகளையும் ஒரே அலையில் கொண்டுவந்து சேர்த்த திரைக்கதை சாமர்த்தியம் என்றெல்லாம்.

அந்த ரெண்டு பத்தியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். படம் மோசம் என்று சொல்ல வரவில்லை. நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்ல வருகிறேன். காரணம் போன காலாண்டு லீவில் குடும்பத்தோடு போய்வந்த ஒரு மூணு நாள் பயணம். ஆராய்ச்சிக்காகப் போகவில்லை. கொஞ்சம் கடலோரம் நடக்கலாம், நல்லா சாப்பிடலாம், ஒரு படம் பார்க்கலாம், அவ்வளவுதான் திட்டம்.

2008

முதலில் பழைய கதை. மங்கலம்பேட்டையில் இருப்பவனுக்குக் கடல் தூரம் இல்லை, பக்கமும் இல்லை. பஸ் ஏறினால் ரெண்டு ரெண்டரை மணி நேரம். ஆனாலும் வருஷக்கணக்கில் பார்க்காமல் இருந்துவிடுவோம். 2008 ஜூனில் ஒரு சனி, ஞாயிறு போனோம். நான், மனைவி, அம்மா, மூணு வயசு மகள், மச்சான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அப்போது அவருக்கு இருபத்தி நாலு வயசு. கொத்தனார் வேலை. அதற்கு முந்தின ரெண்டு வருஷம் ஒரு மீனவ ஊரில் சுனாமி வீடு கட்டுகிற வேலையில் இருந்துவிட்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை பிச்சாவரத்தில் படகு. எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’யை இங்கேதான் எடுத்தார்கள் என்று படகுக்காரர் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் ‘தசாவதாரம்’. படம் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. செம கூட்டம்.

கடைசியில் அலை எழும்பி வந்தபோது தியேட்டரில் சிலர் விசில் அடித்தார்கள். பலர் அடிக்கவில்லை. 2004 டிசம்பர் 26 முடிந்து மூன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த தியேட்டரில் இருந்தவர்களில் கடலோரத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. மச்சான் எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவை என் மனைவி மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சத்தத்தில் பாப்பா முழிச்சு அழுதிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். படம் முடிந்து வெளியே வந்தால், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டிருந்தார். “தண்ணி அப்படி வராது மாமா” என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து விமர்சனம் எழுதினேன்.

படம் சொல்வது

படத்தை மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக. 12ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சிலையைப் பெயர்த்துக் கடலில் போடுகிறார்கள். அதைத் தடுத்த ரங்கராஜன் நம்பியும் சிலையோடு சேர்ந்து மூழ்குகிறார். அப்புறம் 2004. கோவிந்த் என்கிற விஞ்ஞானி, ஒரு கொடிய கிருமி அடைத்த குப்பி, அதைத் துரத்தும் ஃப்ளெட்சர். குப்பி ஒரு பாட்டி கையால் பெருமாள் சிலைக்குள் போய்விடுகிறது. கடைசியில் ஃப்ளெட்சர் அதை விழுங்கிவிட, கிருமி பரவப்போகிற நேரத்தில் சுனாமி வருகிறது. கடல் உப்பு கிருமியை அழிக்கிறது. பழைய சிலையும் கரை ஒதுங்குகிறது. கேயாஸ் தியரி, பட்டாம்பூச்சி எல்லாம் சொல்லி, எதற்கும் எதற்கும் தொடர்பு உண்டு என்று படம் நமக்குக் காட்டுகிறது. கதை, திரைக்கதை கமல்ஹாசன், இயக்கம் கே.எஸ்.ரவிகுமார், பத்து வேஷம்.

இதைச் ‘சாமர்த்தியம்’ என்று எழுதினேன். இன்றைக்கும் அது சாமர்த்தியம்தான். ஆனால் அந்தச் சாமர்த்தியத்தில் அலை என்ன வேலை செய்கிறது? கதாநாயகனுடைய பிரச்சினையைத் தீர்த்துவைக்கிறது. செத்தவர்கள் பின்னணியில் இருக்கிறார்கள். பெரிய அழிவைத் தடுக்க வந்த சின்ன அழிவு என்கிற கணக்கு அதில் வந்துவிடுகிறது. படம் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. கதையின் அமைப்பு சொல்லிவிடுகிறது. கடலூர் மாவட்டத்துக்காரன் நான். இதை முதல் தடவையே பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை.

நடந்தது

இப்போது 2024. செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு. மகளுக்கு இப்போது பத்தொன்பது. மச்சான் இப்போது மேஸ்திரி. நாற்பது வயசு, முன்தலையில் வழுக்கை. அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் “நானும் வர்றேன்” என்றார். மறுபடியும் அதே அஞ்சு பேர்.

விருத்தாசலம் வந்து, சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்று அணைக்கட்டு வரும்போது பஸ்ஸில் எல்லாரும் ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், தண்ணி இருக்கா இல்லையா என்று. நாங்களும் பார்த்தோம். இந்த ஆறு பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் லாட்ஜ் போட்டோம். புரட்டாசி மாசம் என்பதால் அம்மாவும் மனைவியும் கவுச்சி தொடமாட்டார்கள். “புரட்டாசியில மீன் திங்கிற ஊருக்குக் கூட்டிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதாங்க” என்று மனைவி. அதற்குப் பரிகாரமாக ராத்திரி எல்லாருக்கும் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சிதம்பரம் கொத்சு பற்றித் தனியாக எழுத வேண்டும். கத்தரிக்காயைச் சுட்டு மசித்து, வறுத்து அரைத்த பொடி போட்டு, புளிப்பும் காரமும் ஒன்றையொன்று மிஞ்சாமல். அம்மா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அது எங்கள் வீட்டில் அபூர்வம்.

சாப்பிட்டுவிட்டு ரெண்டாவது ஆட்டம் ‘மெய்யழகன்’. வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சி.பிரேம்குமார் படம். ஊரைவிட்டுப் போன ஒருத்தர் வருஷக்கணக்கு கழித்துக் கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். “அத்தான், அத்தான்” என்று சுற்றிவரும் உறவுக்காரர் யார் என்றே தெரியாமல் ராத்திரி முழுக்க அவரோடு பேசுகிறார். அவ்வளவுதான் கதை. படம் நீளம் என்று பலர் சொன்னார்கள், தயாரிப்புத் தரப்பே அப்புறம் 18 நிமிஷம் குறைத்தது. எனக்கும் சில இடம் நீளமாகத்தான் தெரிந்தது. ஆனால் மச்சான் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். வெளியே வரும்போது, “நம்ம ரெண்டு பேரும் இப்படி உக்காந்து பேசுனதே இல்ல மாமா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் விடியற்காலை ஒரு வேன் பேசிக்கொண்டு கடலூர் ரோட்டில் போய், புதுச்சத்திரத்தில் பிரிந்து சாமியார்பேட்டை. அம்மாவையும் மனைவியையும் கரையில் நிழல் பார்த்து உட்காரவைத்துவிட்டு, நாங்கள் மூணு பேரும் தெற்கே நடக்க ஆரம்பித்தோம். இடது கைப் பக்கம் கடலும் வெயிலும். ஈர மணலில் நடந்தால் கால் வலிக்காது, ஆனால் அலை அங்கேயும் வரும். உலர்ந்த மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடிதான் முன்னால் போகும்.

கடலைப் பார்த்து நிற்பதற்கும் கடலோரமாக நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பார்த்து நின்றால் தண்ணியும் வானமும்தான். நடந்தால் நிலம் தெரியும். ஏற்றி வைத்த ஃபைபர் படகு, காயும் வலை, வலைக்கு ஈயம் கட்டுகிறவர், மணல் மேட்டில் படர்ந்த அடப்பங்கொடி, ராவணன் மீசை, அதற்குப் பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்கும் பின்னால் ஊர். ஒவ்வொரு நூறு அடிக்கும் இந்த வரிசை கொஞ்சம் மாறுகிறது. நம்ம சினிமாவில் கேமரா பெரும்பாலும் கடலைப் பார்த்து நிற்கிறது. காதலர்கள் நிற்பார்கள், அலை வரும், காலை நனைக்கும். கரையின் குறுக்குவெட்டு தெரியாது. இலக்கியத்தில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ மாதிரி நாவல்கள் அந்தக் குறையை முன்பே தீர்த்திருக்கின்றன. சினிமா இன்னும் கடலைப் பார்த்தே நிற்கிறது.

மச்சான் ஒரு மணல் மேட்டுக்குக் கீழே நின்று அளக்க ஆரம்பித்தார். கையில் ட்யூப் லெவல் இல்லை, ரசமட்டம் இல்லை. நேராக நின்று, கண்ணுக்கு நேர் மட்டத்தில் மேட்டில் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்வது. அங்கே ஏறி நின்று மறுபடி நேராகப் பார்ப்பது. “என் கண்ணுமட்டம் அஞ்சடி. இங்க ரெண்டு கண்ணுமட்டம், மேல ஒரு அடி. பதினொண்ணு.” மகள் போனில் குறித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போனோம். படகு இழுக்கிறதற்காகவோ வண்டி வந்து போகிறதற்காகவோ மேடு வெட்டுப்பட்டு ஒரு வழி. அங்கே உயரம் முட்டிக்கால் அளவுகூட இல்லை. “இந்தச் சந்துலதான் வரும் மாமா. மேட்டுல முட்டிக்கிட்டு, இதுல பூந்துடும்.”

அப்போதுதான் பேச ஆரம்பித்தார். வேலை பார்த்த ஊரில் தப்பித்தவர்கள் அவரிடம் என்ன சொன்னார்கள் என்று. செவுரு மாதிரி நிற்கவில்லையாம். ஏரிக்கரை உடைந்த மாதிரி, கறுப்பாக, நிற்காமல் வந்துகொண்டே இருந்ததாம். ஞாயித்துக்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் இல்லாமல் கரையில். யார் தப்பித்தார்கள் என்று கேட்டால், ஒவ்வொருத்தரும் ஒரு மேட்டைக் காட்டுவார்களாம். கோயில் மேடு, தோப்பு மேடு, யார் வீட்டு மாடியோ ஒண்ணு.

“அன்னைக்கு தியேட்டர்ல பாப்பா அழுவல மாமா” என்றார் கொஞ்சம் கழித்து. “நான்தான் தூக்கிட்டு வந்துட்டேன்.”

மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் சும்மா நடந்தோம்.

உயரமும் தூரமும்

மேட்டை அளந்தது வேடிக்கை இல்லை. இதே கரையில் இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில்தான் இருக்கிறது. அங்கிருந்த கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குக்கிராமங்களை எடுத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு சாவு, எவ்வளவு சேதம் என்று பார்த்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அலையாத்திக் காடும் கரையோரத் தாவரமும் இருந்த இடத்தில் இழப்பு குறைவு என்பது அதன் முடிவு. அதே வருஷம் ‘சயின்ஸ்’ இதழில் டேனியல்சன் குழுவினரும் கடலூர் மாவட்டத்தை வைத்தே, அலையாத்தியும் சவுக்கும் காப்பாற்றின என்று எழுதினார்கள். பிச்சாவரத்துப் படகில் இன்றைக்கும் நீங்கள் கேட்கிற ‘காடுதான் காப்பாத்துச்சு’ என்கிற பேச்சுக்குப் பின்னால் இந்த ஆய்வுகளும் இருக்கின்றன.

2006இல் கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர், கதிரேசன் தந்த அதே 18 ஊர் எண்களை மறுபடி கணக்குப் போட்டார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், இந்த ரெண்டையும் சேர்த்துவிட்டால் பெரும்பாலான வித்தியாசம் அதிலேயே விளங்கிவிடுகிறது, தாவரத்துக்கென்று தனியாக மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம் என்றார்கள். யோசித்தால் நியாயம்தான். முன்னால் பெரிய காடு இருக்கிற ஊர் தானாகவே கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? காப்பாற்றியது காடா, தள்ளி இருந்ததா? கதிரேசன் தரப்பும் பதில் எழுதியது, விவாதம் நீண்டது. காட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உயரமும் தூரமும் முதல் கணக்கு என்பதை யாரும் மறுக்க முடியவில்லை.

தூரம் என்பது அரசாங்கத்துக்கும் புரிந்தது. 2005 மார்ச்சில் வந்த ஆணைப்படி, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப் போக ஒத்துக்கொண்டால்தான் புது வீடு. படகும் வலையும் கடலோரம், வீடு மட்டும் உள்ளே. மீனவர்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று நிறைய எழுதிவிட்டார்கள். மச்சான் வேறு ஒன்று சொன்னார். “தூரம் குடுத்தாங்க மாமா, உயரம் குடுக்கல. பள்ளத்துல இடம். நாங்க பேஸ்மட்டம் இன்னும் ரெண்டு அடி தூக்குங்கன்னு சொன்னோம். கொத்தனார் சொல்றத யாரு கேப்பா. மழைக்கு அந்தத் தெருவுல தண்ணி நிக்கும்.”

மீன் சாப்பாடும் ஒரு கேள்வியும்

மத்தியானம் பரங்கிப்பேட்டை. ஒரு சின்ன மெஸ்ஸில் எங்கள் மூணு பேருக்கு மீன் சாப்பாடு. அம்மாவும் மனைவியும் பக்கத்தில் ஒரு சைவக் கடையில் தயிர்சாதம் வாங்கிக்கொண்டார்கள். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். நெத்திலி வறுவல் மொறுமொறு என்று, சுறாப்புட்டு உதிரி உதிரியாக. மகள் எனக்கு வந்த சுறாப்புட்டையும் சேர்த்து முடித்தாள். அந்தக் கடையை நினைத்தால் இப்போதும் பசிக்கிறது.

கை கழுவும் இடத்தில் மகள் மச்சானிடம் கேட்டாள். “மாமா, அந்தச் சுனாமி வீட்டுக்கெல்லாம் மணல் எங்கேர்ந்து வந்துச்சு?”

“ஆத்துலேர்ந்துதான். லாரியில வரும். அப்ப ஏது எம் சாண்டு.”

“எந்த ஆறு?”

“அத யாரு கேட்டா?”

இந்த இடத்தில் நான் சேத்தியாத்தோப்பை நினைத்துக்கொண்டேன். விருத்தாசலத்தில் ஓடுகிற மணிமுத்தாறு வெள்ளாற்றில் போய்ச் சேருகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நாங்கள் சாப்பிட்ட இடத்திலிருந்து முகத்துவாரம் பக்கம்தான். ஆறு கொண்டுவருகிற மணலைக் கடல் எடுத்துக் கரையோரமாகவே நகர்த்துகிறது. தென்மேற்குக் காற்றில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே, வருஷக் கணக்கு பார்த்தால் வடக்கே. அந்த மணலைக் காற்று எடுத்துக் குவிக்கிறது. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்து நிறுத்துகின்றன. மேடு அப்படித்தான் உண்டாகிறது. வழியில் எங்கே மணல் நின்றாலும் கரை இளைக்கும். புதுச்சேரியில் 1980களில் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டியதும், தெற்கே மணல் தேங்கி, வடக்கே நகரத்துக் கடற்கரையே போய்விட்டது நமக்குத் தெரிந்த கதை. ஆற்றிலேயே மணலை அள்ளிவிட்டால் கரைக்கு வருவதும் குறையும். அளவு எவ்வளவு என்று இந்தக் கரைக்கு நான் கணக்கு சொல்ல முடியாது. ஆனால் திசை அதுதான்.

அதாவது, மச்சான் காலையில் அளந்த பதினொரு அடி நம்ம ஊர்ப் பக்கத்து ஆறுகள் அனுப்பியது. அலையிலிருந்து தப்பித்தவர்களுக்கு வீடு கட்ட, அலையைத் தடுக்கும் மேட்டுக்குப் போக வேண்டிய மணலையே அள்ளியிருக்கிறோம். இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வீடு வேண்டும், அப்போது வேறு மணல் கிடையாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பூவராகன்

அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் மகள் லேப்டாப்பில் ‘தசாவதாரம்’ போட்டாள். கடைசி ஒரு மணி நேரம் மட்டும். வேண்டாம் என்று மச்சானைப் பார்த்தேன். “போடட்டும் மாமா” என்றார். கட்டில் மேலே அஞ்சு பேரும்.

மணல் லாரிகளைத் தடுக்கிற வின்சென்ட் பூவராகன் வருகிறார். ஆற்று மணல் கொள்ளைக்கு எதிராக நிற்கும் தலித் போராளி, நாஞ்சில் நாட்டுத் தமிழ் பேசுவார். கமலின் பத்து வேஷத்தில் இதுவும் ஒன்று. 2008இல் நான் இந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: ‘சமூக அக்கறைக்காகச் சேர்த்த கிளைக்கதை’ என்று.

அம்மா சொன்னார்: “பூவராகன்னா நம்ம ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பேருல்ல.”

ஆமாம். ஸ்ரீமுஷ்ணம் எங்களுக்குப் பக்கம். பூவராக சுவாமி. பூமியைக் கடலுக்குள்ளிருந்து தூக்கி மேலே கொண்டுவந்த அவதாரம். வருஷா வருஷம் மாசி மகத்துக்கு அந்தப் பெருமாள் பிச்சாவரத்துக்குப் பக்கத்திலிருக்கும் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். வழியில் கிள்ளை தர்காவில் அவருக்கு மரியாதை செய்வார்கள். எங்கள் பக்கத்து உள்நாட்டு ஜனங்கள் காலங்காலமாகக் கடலுக்குப் போனது அப்படித்தான், சாமி பின்னால். அம்மாவும் சின்ன வயசில் போயிருக்கிறாராம்.

பத்து வேஷத்தையும் பத்து அவதாரத்தோடு பொருத்திப் பார்க்கும் விளையாட்டைப் படம் வந்தபோதே எல்லாரும் விளையாடினோம். பூவராகன் என்றால் வராகம், மண்ணைக் காப்பாற்றுகிறவர், சரி என்று கடந்து போய்விட்டோம். இப்போது பார்த்தால் விஷயம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. படத்தில் மணலைக் காப்பாற்ற ஒருவர் போராடுகிறார். அதே ஆள் கடைசியில் அலை வரும்போது பிள்ளைகளைக் காப்பாற்றப் போய்ச் சாகிறார். மணலும் அலையும் ஒரே மனுஷனின் வாழ்க்கையில் இருக்கின்றன. ஆனால் படம் இந்த ரெண்டையும் சேர்க்கவே இல்லை. பட்டாம்பூச்சிச் சிறகையும் சுனாமியையும் சேர்க்கிறது, 12ஆம் நூற்றாண்டுச் சிலையையும் 21ஆம் நூற்றாண்டுக் கிருமியையும் சேர்க்கிறது. எதற்கும் எதற்கும் தொடர்பு என்று சொல்கிற படத்தில், கண்ணுக்கு முன்னால் நிஜமாக இருக்கிற ஒரே தொடர்பு விட்டுப்போகிறது: ஆற்று மணல் கரைக்கு வரும், கரை மேடாகும், மேடு ஊரைக் காக்கும். பூமியைத் தூக்கி நிறுத்துகிறவன் பெயரை வைத்துவிட்டு, அவன் எதைத் தூக்கி நிறுத்தினான் என்று கேட்கவில்லை.

‘மசாலாப் படத்திடம் போய் மணல் கணக்குக் கேட்கிறாயே’ என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்பேன். படம் சும்மா ஒரு வில்லனைத் துரத்தும் கதையாக இருந்திருந்தால் கேட்கமாட்டேன். மணல் பேச்சை எடுத்தது படம். நிஜமாக நடந்த சுனாமியைக் கொண்டுவந்தது படம். காரண காரியம் பற்றிப் பாடம் எடுத்ததும் படம்தான். இத்தனையும் எடுத்தவரிடம், கோர்க்காமல் விட்டதைக் கேட்க உரிமை உண்டு. அலையைக் கடவுள் அனுப்பினாரா, தற்செயலா என்கிற கேள்வியோடு படம் முடிகிறது. கரையில் இருக்கிறவருக்கு அது ரெண்டாவது கேள்வி. நம்ம வீடு எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தூரத்தில் என்பதுதான் முதல் கேள்வி.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூவராகனின் உடலைத் தன் பிள்ளை என்று நினைத்துக் கிருஷ்ணவேணிப் பாட்டி மடியில் போட்டு அழுகிற காட்சி. அக்ரஹாரத்துப் பாட்டி, தலித் இளைஞன். 2008இல் அதைப் புகழ்ந்தேன், இன்றைக்கும் அதில் ஒரு வரி மாற்ற மாட்டேன். அந்த இடத்தில் மட்டும் அலை கதாநாயகனுக்கு வேலை செய்யவில்லை. செத்தவர் ஒருத்தர் செத்தவராகவே இருக்கிறார், அவரைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் அழுகிறார். லாட்ஜில் அந்தக் காட்சிக்கு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சானும் பார்த்தார். எழுந்து போகவில்லை.

படம் முடிந்ததும் அவரிடம் கேட்டேன், 2008இல் கேட்க வேண்டியதை. எப்படி இருந்தது என்று.

“அந்தப் பாட்டி அழுவறது சரியா இருக்கு மாமா. தண்ணிதான் சரியில்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த மணல் ஆளு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்” என்றார்.

அவருடைய விமர்சனம் அவ்வளவுதான். என்னுடையதைவிடச் சரியானது. மூணாவது நாள் காலை கோயிலுக்குப் போய்விட்டு, மறுபடி ஒரு தடவை கொத்சு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். சேத்தியாத்தோப்பு வந்ததும் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தாள். “தண்ணி இருக்கா?” என்று கேட்டார் அம்மா. “மணல் இருக்கான்னு பாக்கறேன் ஆயா” என்றாள்.

பழைய விமர்சனத்தை நீக்கப் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும், அதன் கீழே இந்தக் குறிப்புக்கு ஒரு இணைப்பு போட்டுவிடுகிறேன். சுனாமிக்கு 2024 டிசம்பரோடு இருபது வருஷம் ஆனது. சாமியார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் கடலைப் பார்த்துப் போட்டோ எடுத்த பிறகு, ஒரு தடவை திரும்பி நின்று மேட்டைப் பாருங்கள். உங்கள் கண்ணுமட்டம் எத்தனை அடி என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், அளந்துவிடலாம். அளந்தவர்கள் எனக்கும் எழுதுங்கள்.